பூஜையில் வைத்த இரண்டு கார் சாவிகள்

எங்கள் வீட்டில் பெரியவரிடம் இருந்தது சின்ன கார், சின்னவரிடம் இருந்தது பெரிய கார். பெரியவர் என் பெரியப்பா, சின்னவர் என் அப்பா. இரண்டு கார்களில் எது உசத்தி என்று அண்ணனும் தம்பியும் போட்ட சண்டையைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. எனக்குப் புளிக்கவே இல்லை. ஒன்பது வயதில் எனக்கு அதைவிட ருசியான விஷயம் உலகத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை.

சின்னது இங்கிலாந்து கார். திருமுல்கேரி கன்டோன்மென்டில் இருந்த ஒரு கர்னல், வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது பெரியப்பாவிடம் விட்டுப் போனது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, கம்பிச் சக்கரங்கள், முன்மூடியின் குறுக்கே ஒரு தோல் வார். அதில் உட்கார்ந்து போனால் தெருநாய்கள் நம் கண்ணுக்கு நேராகப் பார்க்கும், அவ்வளவு தாழ்வு. பெரியது அமெரிக்க கார். ஒரு நவாப் வீட்டுப் பின்கட்டில் அதற்குள் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அப்பா கோழிகளைக் காலி செய்துவிட்டு அதை இழுத்து வந்து, இரண்டு வருடம் உருண்டு புரண்டு ஓட வைத்தார். எட்டு சிலிண்டர். கிளப்பினால் அடுப்படி அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

இப்படிச் சொன்னால் ஏதோ பணக்கார வீடு என்று நினைத்துவிடக் கூடாது. ராணுவத்துக் குதிரைகளுக்குத் தீவனம் சப்ளை செய்ய வேலூர்ப் பக்கத்திலிருந்து, தெலுங்கும் உருதுவும் பேசும் இந்த ஊருக்கு வந்த குடும்பம் நாங்கள். குதிரைகள் போய்விட்டன, நாங்கள் தங்கிவிட்டோம். தீவனம் அடுக்கிய கொட்டகையில்தான் இரண்டு கார்களும் நின்றன. பெரியப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க், அப்பா பாலாநகரில் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். வார நாட்களில் ஒருவர் சைக்கிளிலும் ஒருவர் சிட்டி பஸ்ஸிலும்தான் வேலைக்குப் போனார்கள். கார்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். சாப்பாட்டுக்கும் என் ஸ்கூலுக்கும் போக மிஞ்சியதையெல்லாம் அவை இரண்டும் பெட்ரோலாகவும் ஆயிலாகவும் குடித்தன. பெரியப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரு கட்டிலும் அந்தக் காரும்தான்.

சண்டை ஞாயிறு காலை இட்லியோடு தொடங்கும். கார் என்றால் வளைவில் தெரிய வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. ஸ்டீயரிங்கை ஒரு விரல் அசைத்தால் போதும், சின்னது மரத்தைச் சுற்றி அணில் மாதிரி திரும்பும், ரோடு என்ன சொல்கிறது என்பது முதுகெலும்பில் தெரியும், அதற்குப் பெயர்தான் கார் ஓட்டுவது என்பார். அப்பா விடமாட்டார். நேர் ரோட்டில் காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், வயிற்றில் இருக்கும் இட்லி பின்பக்கம் போய்விட வேண்டும், அதுதான் சக்தி, சின்னதை ஓட்டுவதற்குத் தையல் மிஷினை மிதிக்கலாம் என்பார். சின்னதுக்கு மழை என்றால் ஆகாது. நாலு தூறல் விழுந்தால் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் லீவு போட்டுவிடும். பெரியது ஓடுவதில் காட்டும் ஆர்வத்தை நிற்பதில் காட்டாது. பிரேக் பிடித்துவிட்டு அப்பா சாமியைக் கூப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் குறைகளை அவரவர் வாயால் சொன்னதே இல்லை. அடுத்தவர் காரைப் பற்றித்தான் சொல்வார்கள்.

இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்தானே என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. ஆனால் எந்த ரோட்டில் ஓடுவது? பெரியப்பா கன்டோன்மென்டுக்குள் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோடுதான் வேண்டும் என்றார். அப்பா போலாரம் போகும் நேர் ரோடுதான் வேண்டும் என்றார். ரோடு விஷயத்திலேயே பேச்சு முறிந்து, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் போட்டி நடக்கவே இல்லை. இருவருக்கும் பொதுவான நடுவராக அத்தையைக் கூப்பிடுவார்கள். அத்தை அவர்களுடைய ஒரே தங்கை. கல்யாணமாகிப் போன வருடமே திரும்பி வந்துவிட்டவள், ஏன் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. பக்கத்து ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எது நல்ல வண்டி என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "ரெண்டையும் விட ஆட்டோ நல்ல வண்டி, கூப்ட்டா வருது" என்பாள்.

நான் அப்பா கட்சி. அதற்குக் காரணம் எட்டு சிலிண்டர் இல்லை. அமெரிக்க காரில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டலாமா கூடாதா என்று இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும். ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து, எதிரே வண்டி வந்தால் "நக்கோ, நக்கோ" என்று கத்துவேன், வழி காலியாக இருந்தால் "ஹவ், போ!" என்பேன். நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், இந்த ஊர் உருது அது. அப்பா மறுபேச்சு இல்லாமல் என் சொல்லைக் கேட்டு அந்தப் பெரிய வண்டியைப் பாயவிடுவார். கணக்கில் நான் வாங்கும் மார்க்கைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்ளும் அதே அப்பா. ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் வார்த்தையை நம்பி ஒரு பெரிய மனுஷர் ரோட்டில் இறங்குவது சாதாரண விஷயமா? அம்மாவுக்கு மட்டும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே கார் மறுபடியும் கோழிகளிடம் போயிருக்கும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலில் இருக்கும் நான்கு படிகளை ஏறிவிட்டு, ஏதோ மலை ஏறியவள்போல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் திரட்டக் கூடியதையெல்லாம் திரட்டினார்கள். அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. அப்படியும் போதவில்லை. விற்பதற்கு இனி வீட்டில் இருந்தவை அந்த இரண்டு கார்கள்தான். ஒன்று போனால் போதும் என்று பேசிக்கொண்டார்கள்.

அத்தை கேள்விப்பட்டதும் அழுதாள். தனக்காக ஒன்றையும் விற்கக் கூடாது என்று சாப்பிடாமல் உட்கார்ந்தாள். பெரியப்பாதான் அவளை அதட்டினார். "யாரு உனக்காக விக்கிறாங்க? டயர் கெடைக்க மாட்டேங்குது, எத்தன நாளைக்குக் கட்டி மாரடிக்கிறது? தின்னு மொதல்ல" என்றார். டயர் கிடைக்காததற்கும் அத்தையின் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் நானும் நம்பிவிட்டேன். அத்தை நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டாள்.

ஜூபிலி ஹில்ஸில் பழைய கார்களைச் சேர்த்து வைப்பவர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். வெள்ளைக் குர்தா, மெல்லிய மீசை, தெலுங்கும் உருதுவும் கலந்த மெதுவான பேச்சு. தன் ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம் இருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு எது நல்லதோ அதை எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சண்டை அவர் காதுக்கு முன்னால் புதிதாகத் தொடங்கியது.

பெரியப்பா சின்னதின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வளைவைப் பற்றியும் முதுகெலும்பைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அப்பா அவரை முடிக்க விடவில்லை. "அதுல மழை வந்தா லைட்டு எரியாது சார், தீப்பெட்டி வச்சிக்கினு போவணும்" என்றார். பெரியப்பா விடுவாரா? "அவன் வண்டிய நிறுத்தணும்னா ஒரு வாரம் முன்னாடியே லெட்டர் போடணும் சார்" என்றார். வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அப்பாவின்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எவர் காரை நல்ல கார் என்று சொல்கிறார்களோ அந்தக் கார்தான் போகப் போகிறது. இது எனக்குத் தெரிகிறது, ஃபாக்டரியில் நாற்பது பேரை மேய்க்கும் இவருக்குத் தெரியவில்லையா? வாயை மூடிக்கொண்டு நின்றால் பெரியப்பா தானாகவே பெருமை பேசிப் பேசித் தன் காரை இழந்துவிடுவார், நம் கார் நம்மிடம் இருக்கும். பெருமை பீற்றிக்கொள்ளும் வியாதி இவர்களுக்கு எந்த அளவுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இடுப்பில் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, சீட்டின் அகலத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, இருவரும் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் இந்தப் பீற்றல் அலுத்துவிட்டது என்று நான் நினைத்தேன். பண்டிகை முடிந்ததும் வந்து இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று ஜூபிலி ஹில்ஸ்காரர் கிளம்பினார்.

பண்டிகை என்றால் சரஸ்வதி பூஜை. அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். புத்தகம், பேனா, அத்தையின் சாக்பீஸ் டப்பா, அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் ஸ்பேனர்கள் என்று வேலைக்கு உதவும் ஒவ்வொன்றும் மணையில் ஏற வேண்டும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டும்வரை ஒருவரும் தொடக் கூடாது. படிக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். இதில் பெரியப்பா எவ்வளவு கறார் என்றால், ஒரு வருடம் பூஜையன்று சாயங்காலம் ஃபியூஸ் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவர் சாமி முன்னால் இருந்தது. அப்பா அதை எடுக்கக் கை நீட்டியபோது பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அன்றைக்கு இருட்டில் தடவித் தடவித்தான் சுண்டல் தின்றோம்.

அந்த வருடமும் காலையிலேயே இரண்டு கார்களையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டினார்கள். இரண்டு சாவிகளும் மணையில் ஏறின. சின்னதின் சாவிக்குப் பக்கத்தில் பெரியதின் சாவி. பெரியப்பா மணியடித்துப் பூஜை செய்தார். கற்பூரம் காட்டும்போது ஆளாளுக்குக் கண்ணை மூடி முணுமுணுத்தார்கள். அம்மாவின் குக்கர் வேறு அடுப்படியில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் முணுமுணுத்தால் சாமிக்கு எப்படிக் கேட்கும்? நான் கொஞ்சம் உரக்கவே வேண்டிக்கொண்டேன்.

"சரஸ்வதி தாயே, அப்பா வண்டி போவக் கூடாது. பெரியப்பா வண்டி போனா பரவால்ல. படிப்புகூட இந்த வருஷம் குடுக்காட்டி போ. அப்பா வண்டி மட்டும் நக்கோ."

கண்ணைத் திறந்தபோது பெரியப்பா கற்பூரத் தட்டோடு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் தட்டை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, கண்ணில் விழாமல் இருக்கக் குனிந்து ஊதினார்.

சாயங்காலம் நான் வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தபோது ஜூபிலி ஹில்ஸ்காரரின் கார் வந்து நின்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை அவசரமாக வெளியூர் போகிறாராம், திரும்பி வர நாளாகுமாம், அதனால் இன்றைக்கே ஓட்டிப் பார்த்து முடித்துவிடலாம் என்று வந்தாராம். நல்ல நாள்தானே என்றும் சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டுச் சட்டம் எப்படித் தெரியும்?

அப்பா பூஜை அறைப் பக்கம் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். சாவியை எடுக்கலாமா என்று வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது. பெரியப்பா எந்தப் பதற்றமும் இல்லாமல், "சார் மொதல்ல உக்காரட்டும். நீ உள்ள போய் நல்ல காபியா ஒண்ணு போடச் சொல்லு. சுண்டல் இருந்தா அதுவும் கொண்டா, கூடவே நின்னு வாங்கினு வா" என்றார். அண்ணன் சொன்னால் தட்டுகிற பழக்கம் அப்பாவுக்குக் கார் விஷயத்தில் மட்டும்தான் உண்டு. அவர் அடுப்படிக்குப் போனார்.

அப்பாவின் முதுகு மறைந்ததும் பெரியப்பா செய்த காரியத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். விறுவிறுவென்று பூஜை அறைக்குள் போனார். சாமி படத்துக்கு முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மணையிலிருந்து சின்னதின் சாவியை எடுத்தார். சாவியின் மேல் இருந்த செவ்வந்திப்பூ கீழே விழுந்தது. அதை எடுத்துப் படத்துக்கு வைத்துவிட்டுத் திரும்பியவர், கதவருகே வாயில் பொரியோடு நிற்கும் என்னைப் பார்த்தார். என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு வெளியே போய், ஜூபிலி ஹில்ஸ்காரரின் கையில் சாவியைக் கொடுத்தார்.

ஸ்க்ரூடிரைவருக்காகத் தெருவைக் கூட்டிய மனுஷர்! தன் காரைப் பற்றிப் பீற்றிக்கொள்ளச் சாமியிடமிருந்தே சாவியைத் திருடுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அப்பா இரண்டு கையிலும் காபியும் சுண்டலுமாக வந்தபோது கொட்டகையில் சின்னது இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயிலும் நாலு வாழை இலையும் கிடந்தன. கன்டோன்மென்ட் பக்கம் அது வளைந்து வளைந்து போகும் சத்தம் மட்டும் மரங்களுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். காபி ஆடை கட்டியது. கையில் இருந்ததைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

திரும்பி வந்தபோது ஜூபிலி ஹில்ஸ்காரரின் தலைமுடி நான்கு பக்கமும் நின்றது. முகம் சின்னப் பையன் முகம்போல் ஆகியிருந்தது. இறங்கியதும் சின்னதின் மூடியைத் தட்டிக் கொடுத்தார். அப்பா ஓடிப் போய், பெரியதையும் ஒரு ரவுண்டு பாருங்கள் என்றார். சாவியை இப்போதே கொண்டுவருகிறேன் என்றார். நேர் ரோட்டில் ஒரே ஒரு முறை மிதித்துப் பாருங்கள் சார், ப்ளீஸ் என்றார். அப்பா ஒருவரிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அப்பாவின் தோளில் கை வைத்து, "இடம் ஒண்ணுதான் பாய், மனசும் நிறைஞ்சு போச்சு" என்று உருதுவில் சொன்னார். அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் சின்னது, சந்தனப் பொட்டும் வாழைக்கன்றுமாக, எங்கள் கேட்டைத் தாண்டிப் போனது. அவருடைய டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார். பெரியப்பா கேட்டைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா கத்தினார். அண்ணனிடம் அவர் குரலை உயர்த்தியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "பூஜையில வச்சத எடுத்தியே, நீயெல்லாம் பெரிய மனுஷனா? எதுக்கு எடுத்த? என்னை காபி போட அனுப்பிட்டு எடுத்தியே!" என்றார். பெரியப்பா திரும்பி, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடும்போது பேசும் அதே குரலில் பேசினார். "வளைவுல திரும்புற வண்டிதாண்டா வண்டி. வந்த ஆளே ஒத்துக்கினு போய்ட்டாரு. உன்னோடதை அவர் தொட்டுக்கூடப் பாக்கல. இத்தன வருஷமா நான் சொன்னது சரியாப் போச்சா இல்லியா?"

காரே போய்விட்டது, இன்னும் இந்த மனுஷருக்கு வாய் அடங்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மனசுக்குள் ஒரே குதியாட்டம். நான் வேண்டிக்கொண்டேன், சாமி கொடுத்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட சாமி! சட்டத்தை மீறிக் கை வைத்தவரின் காரைக் கையோடு வாங்கிக்கொண்டது, பயந்து நின்ற அப்பாவின் காரைக் காப்பாற்றிவிட்டது. அம்மாவிடம் ஓடிப் போய் இந்த நியாயத்தை விளக்கினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடி விழுமோ என்று பயந்தேன். அடிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால் இன்னும் கொஞ்சம் கண்ணீர் வந்தது.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அவள் ரிட்டயராகி, என் வீட்டில், என் மகனோடு சீட்டாடி ஏமாற்றுகிறாள். பெரியப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என் மகன் செல்போனில் உலகத்துக் கார்களையெல்லாம் ஓடவிட்டு, எது வேகம், எது அழகு என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். சில நாட்களில் தாத்தாவிடம் போய், அந்தக் காலத்து இங்கிலாந்து கார் நல்லதா, அமெரிக்க கார் நல்லதா என்று கேட்பான். அப்பா யோசிக்கவே மாட்டார். சின்னதுதான் என்பார்.

நான் சொல்ல வந்தது பூஜைக்கு மறுநாள் நடந்தது. இந்த ஊரில் தசரா அன்று சாயங்காலம் ஜம்மி இலை கொடுப்பார்கள். வன்னி மரத்தின் இலைதான். அதைத் தங்கம் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவர்கள் கட்டிப் பிடித்து ஆசீர்வாதம் செய்வார்கள். தமிழ்நாட்டில் இல்லாத இந்த வழக்கத்தை எங்கள் வீட்டில் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டோம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், புதுத்துணியும் சிரிப்புமாக ஒருவர் கையில் ஒருவர் இலையை வைத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அப்பா பெரியப்பாவோடு பேசவில்லை. பெரியப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலையில் காரைத் துடைக்கும் மஞ்சள் துணி அவர் தோளில் இருந்தது, பழக்கத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

அப்பா கை நிறைய இலையோடு வந்து அவர் முன்னால் நின்றார். மற்ற வருடங்களில் இலையைத் திணித்துவிட்டு, குனிவது போல ஒரு பாவனை காட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு இலையை வைத்தார், குனிந்தார், பெரியப்பாவின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை. முதுகு குலுங்கியது. "நான் குடுக்கணும்னு இருந்தேண்ணா" என்றார். பெரியப்பா அவர் முதுகில் தட்டி, "எந்திரிடா, தெருவே பாக்குது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாப்பா சாமிகிட்ட வேண்டிக்கிச்சுடா. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேண்டுதல்தான் பலித்தது என்று பெரியப்பாவே தன் வாயால் ஒத்துக்கொண்டுவிட்டார். பாவம், அப்பாதான் அழுதுகொண்டிருந்தார். நல்ல வண்டி எது என்ற சண்டையில் தோற்றுப் போனதைத் தாங்க முடியாமல் அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தலையைத் தடவி, பெரிய மனுஷிபோல் ஆறுதல் சொன்னேன்.

"அழாதப்பா. பெரியப்பா வண்டிதானே போச்சு? நம்ம வண்டி நம்மகிட்டயே இருக்குல்ல?"

அப்பா அதற்கு மேல்தான் நிஜமாக அழ ஆரம்பித்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் எதற்காக ஒரு மனுஷர் இப்படிக் கூடுதலாக அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பா மட்டும் என்னைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "ஹவ் கண்ணு, உங்க வண்டி உங்ககிட்டயே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.